பூஜ்ஜியத்தால் நின்ற போர்க்கப்பல்... ஒரு சூத்திரம் எந்த எண்ணை ஏற்கும், எதை மறுக்கும்? | எளிய விளக்கம்

பின்னமும் வர்க்கமூலமும் கலந்த கணக்கில் ‘சார்பகம்’ கண்டுபிடிப்பது எப்படி? தேர்வுக்கு மட்டுமல்ல... எக்செல் ஷீட், கிரிக்கெட் ஸ்கோர்கார்டு, கம்பெனி ரிப்போர்ட் என எல்லா இடத்திலும் இதுதான் முதல் கேள்வி!

1997 செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் விர்ஜீனியா மாகாணக் கடலோரத்தில் ‘யுஎஸ்எஸ் யார்க்டவுன்’ என்ற போர்க்கப்பல் சென்றுகொண்டிருந்தது. ஏவுகணைகள் தாங்கிய கப்பல். குறைந்த ஆட்களை வைத்து கம்ப்யூட்டர் மூலமாகவே கப்பலை இயக்க முடியுமா என்று அமெரிக்கக் கடற்படை அதில் சோதனை செய்துகொண்டிருந்தது. பணியில் இருந்த ஒருவர் ஒரு டேட்டாபேஸ் கட்டத்தில் ‘0’ என்று உள்ளிட்டார். அந்தப் பூஜ்ஜியம் உள்ளே ஒரு வகுத்தல் கணக்கில் போய் உட்கார்ந்தது. சாஃப்ட்வேர் முடங்கியது. அதோடு நிற்காமல் நெட்வொர்க்கில் இருந்த மற்ற கம்ப்யூட்டர்களும் அடுத்தடுத்து விழுந்தன. கப்பலை உந்தும் இன்ஜின் அமைப்பே நின்றுபோனது. சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் கப்பல் நடுக்கடலில் அசையாமல் நின்றதாகக் கடற்படைத் தரப்பே கூறியது.

எதிரியின் குண்டு இல்லை, புயல் இல்லை. ஒரு பூஜ்ஜியம்.

இதில் தவறு யாருடையது? பூஜ்ஜியத்தை உள்ளிட்டவருடையது மட்டும்தானா? ‘இந்தக் கட்டத்தில் எந்த எண்கள் வரலாம், எது வரவே கூடாது?’ என்ற கேள்வியை அந்த சாஃப்ட்வேர் கேட்கவே இல்லை. பள்ளிக் கணிதத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் இருக்கிறது. சார்பகம்!

சார்பகம் என்றால் என்ன?

ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கு ‘டொமைன்’ என்றால் சட்டென்று ஞாபகம் வரும். தமிழ்வழிப் பாடநூல்களில் ‘மதிப்பகம்’ என்றும் ‘சார்பகம்’ என்றும் சொல்வார்கள்.

ஃபங்ஷன், அதாவது சார்பு என்பது ஒரு மெஷின் மாதிரி. ஒரு எண்ணை உள்ளே போட்டால், ஒரு விதிப்படி வேலை செய்து, ஒரே ஒரு எண்ணை வெளியே தரும். கிரைண்டரில் ஊறவைத்த அரிசி போட்டால் மாவு வரும். கல்லைப் போட்டால்? கிரைண்டர் உடையும். எதையெல்லாம் போடலாம் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறதல்லவா, அந்தப் பட்டியல்தான் சார்பகம்.

பள்ளி, கல்லூரித் தேர்வுகளில் பெரும்பாலும் ‘எக்ஸ் ஒரு மெய் எண், விடையும் மெய் எண்’ என்ற எல்லைக்குள்தான் கேள்வி வரும். அந்த எல்லைக்குள், பின்னமும் வர்க்கமூலமும் மட்டும் உள்ள கணக்கில் மெஷினை உடைக்கக்கூடியவை இரண்டே இரண்டு.

1. பின்னத்தின் பகுதி, அதாவது கீழே உள்ள எண் பூஜ்ஜியமாகக் கூடாது.
2. வர்க்கமூலத்துக்குள் மைனஸ் எண் வரக் கூடாது.

அவ்வளவுதான். மற்றதெல்லாம் இந்த இரண்டு விதிகளும் ஒரே கணக்கில் சேரும்போது வரும் சிக்கல்கள்தான்.

ஏன் பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது?

‘முடியாது என்றால் முடியாது’ என்று மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம். காரணம் ரொம்ப எளிது. 12 ÷ 3 = 4 என்று ஏன் சொல்கிறோம்? 4 × 3 = 12 என்பதால். அப்படியானால் 12 ÷ 0 என்ன? எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினால் 12 வரும்? எதைப் பெருக்கினாலும் 0-தான் வரும். ஆக, விடை இல்லை.

சரி, 0 ÷ 0? எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினால் 0 வரும்? எல்லா எண்ணுக்கும் வரும்! 5-ம் விடை, 500-ம் விடை. முதலாவதில் விடையே இல்லை. இரண்டாவதில் விடைகள் அளவுக்கு அதிகம். மெஷின் ‘ஒரே ஒரு’ விடை தர வேண்டும் என்பதால் இரண்டுமே தள்ளுபடி.

வர்க்கமூலமும் இதே கதைதான். 3 × 3 = 9, (−3) × (−3) = 9. ப்ளஸ்ஸைப் பெருக்கினாலும் ப்ளஸ், மைனஸை மைனஸால் பெருக்கினாலும் ப்ளஸ். அப்படியானால் தன்னையே பெருக்கி −9 தரும் மெய் எண் எது? அப்படி ஒன்று கிடையாது.

இந்த இரண்டு தடைகளோடும் இந்தியக் கணித அறிஞர்கள் நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 628-ல் பிரம்மகுப்தர் பூஜ்ஜியத்துக்கான விதிகளை எழுதினார். கூட்டலும் கழித்தலும் சரியாக வந்தன. ஆனால், 0 ÷ 0 = 0 என்று சொல்லிவிட்டார். 9-ம் நூற்றாண்டில் மகாவீரர், மைனஸ் எண் எதற்கும் வர்க்கமாக இருக்க முடியாது, எனவே அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று மிகத் துல்லியமாகச் சொன்னார். அதே மகாவீரர், ஒரு எண்ணைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் அந்த எண் மாறாது என்றும் எழுதினார். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், பூஜ்ஜியத்தால் வகுத்தால் முடிவிலி என்றார். மேதைகளையே தடுமாற வைத்த இடம் இது. மாணவர்கள் குழம்புவதில் ஆச்சரியமே இல்லை!

‘கலப்பெண்களில் −9-க்கும் வர்க்கமூலம் உண்டே?’ என்று கேட்கலாம். உண்டு. எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் அதை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால், அங்கே நாம் எண்களின் உலகத்தையே பெரிதாக்கிவிடுகிறோம். சார்பகம் கேட்கும் பள்ளிக் கணக்குகள் மெய் எண் உலகத்துக்குள் நடப்பவை. இன்னொரு விஷயம்... கலப்பெண் உலகத்துக்குப் போனாலும் பூஜ்ஜியத்தால் வகுக்கும் தடை நீங்காது.

சரி, கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

எளிதானதில் தொடங்குவோம்.

பின்னம் மட்டும்: 5 / (எக்ஸ் − 3)

பகுதி எப்போது பூஜ்ஜியமாகும்? எக்ஸ் = 3 ஆகும்போது. ஆகவே, 3-ஐத் தவிர எல்லா மெய் எண்களும் சார்பகம்.

1 / (எக்ஸ்² − 9) என்றால்? 3 மட்டும் இல்லை, −3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9 வரும். ஆக இரண்டையும் நீக்க வேண்டும். அந்த மைனஸ் 3-ஐ மறந்து மதிப்பெண் இழப்பது வழக்கமான கதை.

1 / (எக்ஸ்² + 9) என்றால்? பகுதி எப்போதுமே 9 அல்லது அதற்கு மேல். பூஜ்ஜியம் ஆகவே ஆகாது. எதையும் நீக்கத் தேவையில்லை. பின்னம் என்றாலே எதையாவது நீக்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வர்க்கமூலம் மட்டும்: √(8 − 2எக்ஸ்)

உள்ளே இருப்பது பூஜ்ஜியம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 8 − 2எக்ஸ் ≥ 0. அதாவது 8 ≥ 2எக்ஸ். ஆக, எக்ஸ் ≤ 4. எக்ஸை இடது பக்கமே வைத்துக்கொண்டு −2-ஆல் வகுப்பவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. மைனஸ் எண்ணால் வகுத்தால் அசமன்பாட்டுக் குறி திரும்பிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ் = 5 என்றால் உள்ளே −2. ஆகாது. எக்ஸ் = 0 என்றால் உள்ளே 8. ஆகும். எந்தப் பக்கம் சரி என்று பத்து நொடியில் தெரிந்துவிடும்.

இரண்டும் சேர்ந்தால்: √(எக்ஸ் + 2) / (எக்ஸ் − 5)

இங்கே இரண்டு காவலாளிகள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வர்க்கமூலக் காவலாளி, ‘−2-க்குக் கீழே யாரும் வராதீங்க’ என்கிறார். பின்னக் காவலாளி, ‘5 மட்டும் வெளியே நில்லுங்க’ என்கிறார். இருவரும் அனுமதித்தால்தான் உள்ளே போக முடியும். ஆக, −2 முதல் மேலே எல்லா எண்களும், 5 நீங்கலாக. இடைவெளிக் குறியீட்டில் [−2, 5) ∪ (5, ∞).

அடைப்புக்குறியிலும் அர்த்தம் இருக்கிறது. −2 உள்ளே சேரும் என்பதால் சதுர அடைப்பு. 5 சேராது என்பதால் வளைவு அடைப்பு. முடிவிலி ஒரு எண்ணே இல்லை, அதனால் அதன் பக்கம் எப்போதும் வளைவு அடைப்புதான்.

இதையே √(எக்ஸ் − 7) / (எக்ஸ் − 3) என்று மாற்றினால்? வர்க்கமூலம் 7-க்குக் கீழே உள்ள எல்லோரையும் ஏற்கெனவே அனுப்பிவிட்டது. 3 அந்தக் கூட்டத்திலேயே வெளியே போய்விட்டது. விடை, எக்ஸ் ≥ 7. ‘3 நீங்கலாக’ என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

வர்க்கமூலம் கீழே இருந்தால்: 1 / √(எக்ஸ் − 4)

வர்க்கமூலம் தனியாக இருந்தால் உள்ளே பூஜ்ஜியம் வரலாம். √0 = 0, ஒரு பிரச்னையும் இல்லை. ஆனால், அது பகுதியில் உட்கார்ந்தால் பூஜ்ஜியமும் தடை. ஆகவே, ‘≥’ இங்கே ‘>’ ஆகிறது. எக்ஸ் > 4. ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். மதிப்பெண் போவதும் அந்தக் கோட்டில்தான்.

பலரும் விழும் மூன்று குழிகள்

குழி 1: சுருக்கிவிட்டால் தடை நீங்கிவிடும் என்று நினைப்பது.

(எக்ஸ்² − 9) / (எக்ஸ் − 3) என்பதைச் சுருக்கினால் எக்ஸ் + 3 வரும். பார்க்க அப்பாவியாக இருக்கும். எக்ஸ் = 3 என்று போட்டால் 6 வருகிறதே? ஆனால் அசல் கணக்கில் 3-ஐப் போட்டால் 0 / 0. சுருக்கும்போது நாம் செய்தது என்ன? மேலும் கீழும் (எக்ஸ் − 3)-ஆல் வகுத்தோம். அது பூஜ்ஜியம் இல்லை என்று நம்பித்தானே வகுத்தோம்? அந்த நம்பிக்கை விடையோடு சேர்ந்தே வர வேண்டும். ‘எக்ஸ் + 3, ஆனால் எக்ஸ் ≠ 3.’ வரைபடம் போட்டால் நேர்கோட்டில் ஒரே ஒரு புள்ளி மட்டும் ஓட்டையாக இருக்கும்.

சார்பகத்தை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் சுருக்குங்கள். வரிசை முக்கியம்.

குழி 2: ஒரே ரூட்டும் இரண்டு ரூட்டும் ஒன்று என்று நினைப்பது.

√((எக்ஸ் − 1) / (எக்ஸ் − 4)) என்பதும் √(எக்ஸ் − 1) / √(எக்ஸ் − 4) என்பதும் ஒன்றுபோலத் தெரியும். எக்ஸ் = 0 என்று போடுங்கள். முதலாவதில் (−1) / (−4) = 1/4. அதன் வர்க்கமூலம் 1/2. விடை வந்துவிட்டது. இரண்டாவதில் √−1 என்று முதல் படியிலேயே நின்றுவிடும்.

முதலாவதில் மேலும் கீழும் ஒரே குறியாக இருந்தால் போதும். அதனால் சார்பகம், எக்ஸ் ≤ 1 அல்லது எக்ஸ் > 4. இரண்டாவதில் இரண்டும் தனித்தனியாகத் தேற வேண்டும். அதனால் எக்ஸ் > 4 மட்டும்தான். ஒரே மாதிரி முகம், வேறு வேறு ஆட்கள்.

குழி 3: வர்க்கம் உள்ளே இருக்கும்போது அவசரப்படுவது.

√(எக்ஸ்² − 16) என்று பார்த்தவுடன் ‘எக்ஸ் ≥ 4’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். −10-ஐப் போட்டுப் பாருங்கள். 100 − 16 = 84. நன்றாகவே வேலை செய்கிறது. சரியான விடை, எக்ஸ் ≤ −4 அல்லது எக்ஸ் ≥ 4. குறி மாறி √(16 − எக்ஸ்²) என்று வந்தால் எல்லாம் தலைகீழ். −4 முதல் 4 வரை மட்டும்.

இதோடு ஒரு கொசுறு. கனமூலத்துக்கு இந்தத் தடை கிடையாது. (−2) × (−2) × (−2) = −8 என்பதால் −8-க்குக் கனமூலம் −2. மைனஸுக்குத் தடை போடுவது இரட்டைப்படை மூலங்கள் மட்டும்தான்.

அவுட்டே ஆகாதவரின் ஆவரேஜ் என்ன?

‘இதெல்லாம் தேர்வுக்குத்தான், வாழ்க்கையில் எங்கே வரப்போகிறது’ என்று நினைப்பவர்கள் கிரிக்கெட் ஸ்கோர்கார்டைத் திறந்து பார்க்கலாம்.

பேட்டிங் ஆவரேஜ் என்பது ஒரு பின்னம். மேலே ரன்கள், கீழே எத்தனை முறை அவுட் ஆனார் என்ற எண்ணிக்கை. டான் பிராட்மேன் டெஸ்ட்டில் எடுத்தது 6,996 ரன்கள், அவுட் ஆனது 70 முறை. வகுத்தால் 99.94. அந்தப் புகழ்பெற்ற எண் இப்படித்தான் வந்தது.

பாகிஸ்தானின் அஃபாக் ஹுசைன் 1960-களில் இரண்டு டெஸ்ட்கள் ஆடினார். நான்கு இன்னிங்ஸ், 66 ரன்கள், ஒருமுறைகூட அவுட் ஆகவில்லை. அவருடைய ஆவரேஜ் 66 / 0. பிராட்மேனைவிட அதிகமா, முடிவிலியா? இல்லை. அவருக்கு ஆவரேஜ் என்ற ஒன்றே இல்லை. ரெக்கார்டு புத்தகங்களில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடுதான் இருக்கும். ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் எதிர்முனையில் ரன் அவுட் ஆகும் பேட்டருக்கு ஸ்ட்ரைக் ரேட் இல்லாததும் இதே காரணத்தால்தான். கீழே இருக்க வேண்டிய பந்துகளின் எண்ணிக்கை பூஜ்ஜியம்.

அந்தச் சின்னக் கோடு நேர்மையானது. ‘இந்தக் கேள்வியை இந்த ஆளிடம் கேட்க முடியாது’ என்று அது சொல்கிறது. அங்கே 0 என்று போட்டிருந்தால் அது பொய்.

ஆபீஸ் எக்செல் ஷீட்டில் நடப்பதும் இதுதான்

மாதாந்தர வளர்ச்சி விகிதம் கணக்கிடும் சூத்திரம் பலருக்கும் அத்துப்படி. இந்த மாத விற்பனையிலிருந்து போன மாத விற்பனையைக் கழித்து, போன மாத விற்பனையால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். புதிதாக அறிமுகமான பொருளுக்குப் போன மாத விற்பனை 0. உடனே கட்டத்தில் ‘#டிவ்/0!’ என்று எக்செல் கத்தும்.

பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பலர் ‘இஃப்எரர்’ போட்டு அதை 0 ஆக்கிவிடுகிறார்கள். இப்போது ஷீட் அழகாக இருக்கிறது. ஆனால், 0-விலிருந்து 50 பீஸ் விற்ற பொருளுக்கு ‘வளர்ச்சி 0%’ என்று ரிப்போர்ட் சொல்கிறது. அதோடு முடிவதில்லை. அந்தப் பொய்யான 0, எல்லாப் பொருள்களின் சராசரி வளர்ச்சியையும் கீழே இழுத்துவிடும். எரர் என்பது ஷீட் கொடுத்த எச்சரிக்கை. அதன் வாயை அடைத்தால் பிரச்னை போய்விடாது. கட்டத்தைக் காலியாக விடுவதோ, ‘புதிய பொருள்’ என்று எழுதுவதோதான் சரி.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரஸ்யம். மியூச்சுவல் ஃபண்ட் பார்ப்பவர்கள், கம்பெனி ரிசல்ட் படிப்பவர்கள் எல்லோருக்கும் ‘சிஏஜிஆர்’ தெரியும். கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம். இரண்டு ஆண்டுகளுக்கு அதன் சூத்திரம்:

√(கடைசி மதிப்பு / தொடக்க மதிப்பு) − 1

பின்னம், அதற்கு மேல் வர்க்கமூலம். நாம் இதுவரை பார்த்த இரண்டு காவலாளிகளும் இங்கே ஆஜர்!

ரூ.100 இரண்டு ஆண்டில் ரூ.144 ஆனால்? √1.44 = 1.2. ஆண்டுக்கு 20% வளர்ச்சி. அழகான விடை.

இப்போது முதலீட்டுக்குப் பதிலாக ஒரு கம்பெனியின் லாபத்தை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, தொடக்கத்தில் ரூ.10 கோடி நஷ்டம், இரண்டு ஆண்டு கழித்து ரூ.40 கோடி லாபம். விகிதம் 40 / (−10) = −4. √−4? மெஷின் நின்றுவிடும். எக்செல்லில் ‘#நம்!’ என்று வரும். நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு வந்த கம்பெனிக்கு சிஏஜிஆர் சொல்லவே முடியாது. நிதி அறிக்கைகளில் இப்படிப்பட்ட இடங்களில் ‘என்எம்’ என்று போடுவார்கள். ‘பொருளற்றது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் ரூ.10 கோடி நஷ்டம், கடைசியில் ரூ.40 கோடி நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். (−40) / (−10) = 4. √4 = 2. 2 − 1 = 1. அதாவது, ஆண்டுக்கு 100% வளர்ச்சி! நஷ்டம் நான்கு மடங்கு ஆகியிருக்கிறது, சூத்திரமோ கைதட்டுகிறது. எந்த எரரும் வரவில்லை. பகுதி பூஜ்ஜியம் இல்லை, ரூட்டுக்குள் மைனஸ் இல்லை, இரண்டு காவலாளிகளும் ‘போகலாம்’ என்று விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் சார்பகத்தின் முழு அர்த்தமும் புரிகிறது. கணிதம் அனுமதிக்கும் எண்கள் ஒரு பட்டியல். அந்தச் சூத்திரத்துக்குப் பொருள் தரும் எண்கள் இன்னொரு பட்டியல். இரண்டாவது பெரும்பாலும் சிறியது. சிஏஜிஆரின் உண்மையான சார்பகம், ‘தொடக்க மதிப்பு பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்க வேண்டும்’ என்பது. அதை எக்செல் சொல்லாது, பயன்படுத்துபவர்தான் பார்க்க வேண்டும். ஹோட்டல் பில் ரூ.2,400-ஐ நண்பர்கள் பகிர்ந்துகொள்ளும்போதும் இதே கதைதான். 2,400 / எக்ஸ் என்ற சூத்திரம் எக்ஸ் = 2.5 என்றாலும் விடை தரும். ஆனால், இரண்டரை பேர் எங்கே இருக்கிறார்கள்?

ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது என்று சொன்ன ரூட்

சார்பகம் தடை மட்டும் போடுவதில்லை. சில நேரம் இயற்கையின் எல்லையையே காட்டிக்கொடுக்கும்.

ஐன்ஸ்டீன் 1905-ல் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் கொள்கையில் ஒரு காரணி திரும்பத் திரும்ப வரும். வேகமாகப் போகும் கடிகாரம் எவ்வளவு மெதுவாக ஓடும் என்று அதுதான் சொல்கிறது. பொருளின் வேகத்தை ஒளியின் வேகத்தின் பங்காக எடுத்துக்கொண்டு, அதை எக்ஸ் என்று வைத்தால், காரணி இதுதான்:

1 / √(1 − எக்ஸ்²)

நாம் பார்த்த ‘ரூட் கீழே இருக்கும்’ வகை. ஒளிவேகத்தில் 60% போனால், எக்ஸ் = 0.6. 1 − 0.36 = 0.64. அதன் ரூட் 0.8. காரணி 1.25. 80% போனால் ரூட் 0.6 ஆகும், காரணி சுமார் 1.67. 99% போனால் சுமார் 7.1. எக்ஸ் 1-ஐ நெருங்க நெருங்க பகுதி பூஜ்ஜியத்தை நெருங்கும், காரணி எல்லையில்லாமல் ஏறும்.

எக்ஸ் = 1 என்றால் பகுதி பூஜ்ஜியம். எக்ஸ் > 1 என்றால் ரூட்டுக்குள் மைனஸ். ஆக, சார்பகம் எக்ஸ் < 1. நிறை உள்ள எந்தப் பொருளும் ஒளியின் வேகத்தை எட்ட முடியாது என்ற இயற்பியல் உண்மை, அந்தச் சூத்திரத்தின் சார்பகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. துகள் முடுக்கிகளில் எவ்வளவு ஆற்றல் கொடுத்தாலும் புரோட்டான் ஒளிவேகத்தை நெருங்குமே தவிர, தொடுவதில்லை.

இது தூரத்து விஷயம் இல்லை. போனில் மேப் பார்க்கும்போது உதவும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், அவை போகும் வேகத்தால் மட்டும் நாளொன்றுக்கு சுமார் 7 மைக்ரோ நொடி பின்தங்கும். ஈர்ப்பு விசையின் விளைவு எதிர்ப்பக்கம் சுமார் 45 மைக்ரோ நொடி முன்னே தள்ளும். இரண்டையும் திருத்தித்தான் நம் இருப்பிடம் கணக்கிடப்படுகிறது.

கம்ப்யூட்டர்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?

எல்லா மொழியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பைத்தானில் பூஜ்ஜியத்தால் வகுத்தால் புரோகிராம் எரர் காட்டி நின்றுவிடும். வர்க்கமூலத்துக்கு மைனஸ் எண் கொடுத்தால் பல ஆண்டுகளாக அது காட்டிவந்த செய்தியே ‘மேத் டொமைன் எரர்’. நேரடியாகச் சார்பகப் பிழை என்றே சொல்லிவிட்டது!

ஜாவாஸ்கிரிப்ட் அப்படி நிற்காது. 1 / 0 என்றால் ‘முடிவிலி’ என்று கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். √−1 கேட்டால் ‘எண் அல்ல’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தைத் தரும். அதைத் தமிழில் எழுதினால் ‘நான்’ என்றாகிவிடும் என்பது வேறு கதை. ஷாப்பிங் ஆப்பில் எப்போதாவது விலை இருக்க வேண்டிய இடத்தில் ‘ரூபாய் நான்’ என்று வந்திருந்தால் காரணம் இப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம். இந்த ‘எண் அல்ல’ ஒருமுறை உள்ளே நுழைந்தால், அதோடு எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விடையும் ‘எண் அல்ல’தான். மோர்க்குடத்தில் விழுந்த உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் பரவிவிடும்.

அதனால்தான் அனுபவமுள்ள டெவலப்பர்கள் கணக்கு போட்ட பிறகு எரரைத் தேடுவதில்லை. எண் உள்ளே வரும் வாசலிலேயே சோதித்துவிடுகிறார்கள். யார்க்டவுனில் இல்லாமல் போனது அந்த வாசல் சோதனைதான்.

ஒருமுறை சரிபார்த்த சார்பகமும் எப்போதும் செல்லும் என்று சொல்ல முடியாது. 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ‘ஏரியன் 5’ ராக்கெட் தன் முதல் பயணத்தில் கிளம்பிய சுமார் 40 நொடிகளில் சிதறியது. நான்கு அறிவியல் செயற்கைக்கோள்கள் அதோடு போயின. காரணம், பழைய ‘ஏரியன் 4’ ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட ஒரு சாஃப்ட்வேர் பகுதி. கிடைமட்ட வேகம் தொடர்பான ஒரு எண்ணை 32,767 வரை மட்டுமே கொள்ளும் இடத்தில் அது மாற்றி வைக்கும். பழைய ராக்கெட்டில் அந்த எல்லை போதும். வேறு பாதையில் வேகமாகப் போன புது ராக்கெட்டில் எண் அதைத் தாண்டிவிட்டது. இங்கே பின்னமும் இல்லை, ரூட்டும் இல்லை. ஆனால், கேட்காமல் விட்ட கேள்வி அதேதான். ‘இந்த மெஷினுக்குள் எந்த எண்கள் வரலாம்?’

சேமித்து வைக்க: 5 படிகள்

* சுருக்குவதற்கு முன், கொடுத்த வடிவத்திலேயே சார்பகம் பாருங்கள்.
* ஒவ்வொரு பகுதியையும் ‘= 0’ என்று வைத்துத் தீர்க்கவும். வரும் எண்கள் எல்லாம் வெளியே.
* ஒவ்வொரு வர்க்கமூலத்துக்கும் உள்ளே இருப்பதை ‘≥ 0’ என்று வைத்துத் தீர்க்கவும். அந்த வர்க்கமூலமே பகுதியாக இருந்தால் ‘> 0’.
* எல்லா நிபந்தனைகளுக்கும் பொதுவான இடத்தை ஒரு எண்கோட்டில் குறிக்கவும். அதுதான் விடை. எல்லையில் ஒரு எண், உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண் என மூன்றைப் போட்டுச் சரிபாருங்கள்.
* நிஜ வாழ்க்கைக் கணக்காக இருந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். கணிதம் அனுமதிக்கிறது, சரி. இந்த எண்ணுக்கு இங்கே அர்த்தம் இருக்கிறதா?

தேர்வில் முதல் நான்கு படிகளுக்கு மதிப்பெண் உண்டு. ஐந்தாவதை யாரும் திருத்த மாட்டார்கள். ஆனால் நஷ்டத்தை 100% வளர்ச்சி என்று காட்டும் ரிப்போர்ட் மேஜைக்கு வரும்போது, அதைப் பிடிக்கப்போவது அந்த ஐந்தாவது படிதான்.